இசை அறையைக் காத்த அக்காவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், பினாங்கிலும் அதற்கு வெளியிலும் வாழும் எங்கள் பேண்டு அணியின் முன்னாள் மாணவர்களுக்கும் அன்பு வணக்கம்.

எங்கள் பள்ளி பேண்டு அணியின் ஆசிரியரான மாஸ்டர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நேற்று மாலை தம் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு வாசல்வரை நடந்து, வெளியே நின்றிருந்த பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார் என்று அவருடைய மகள் செய்தி அனுப்பியிருந்தார். அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் நோயுற்றுக் கிடந்த இந்தச் சில வாரங்களில் என்ன நடந்தது என்பதை இதை வாசிக்கும் எல்லாரும் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுத எனக்குக் கை வரவில்லை, தேவையும் இல்லை. சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் அவருக்காக நடந்த பாராட்டு விழாவில் என்னைப் பேச அழைத்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய முகத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்ல வாய் வராத நன்றியை இப்போது எழுதுகிறேன்.

பொது மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் முதல் நன்றி. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பெடுத்து வந்து, மாஸ்டர் இல்லாத பயிற்சிகளை முறைபோட்டு நடத்திய முன்னாள் மாணவர்களுக்கும், விழாவை ஒத்திவைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது உறுதியாக நின்ற தலைமையாசிரியருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்ட பெற்றோருக்கும், நாசி லெமாக் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த சிற்றுண்டிச்சாலைக் குடும்பத்தினருக்கும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் அவருக்காக வேண்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் சொல்லத் தொடங்கினால் யாராவது விட்டுப்போகக்கூடும் என்பதால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. உங்கள் முகங்கள் எல்லாம் எனக்கு நினைவில் இருக்கின்றன.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நம் பள்ளியில் நெடுங்காலமாகத் துப்புரவுப் பணி செய்துவரும் அக்கா அவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். பள்ளியை அறிந்தவர்களுக்கு அதுவே போதும்.

மாஸ்டர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் பயிற்சி நின்றது; பள்ளி விடுமுறையும் அதனோடு சேர்ந்துகொண்டது. மண்டபத்துக்குப் பின்னால் மாடிப்படியின் கீழே இருக்கும் இசை அறையைப் பற்றி நினைக்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை. விழாவுக்கான பயிற்சியைத் தொடங்க ஈப்போவிலிருந்து வந்த எங்கள் பழைய டிரொம்போன் மாணவர் அந்தக் கதவைத் திறந்தபோது பூசண வாடையையும், இறுகிப்போன வால்வுகளையும் எதிர்பார்த்தே உள்ளே போனார். அறை துப்புரவாக இருந்தது, காற்றோட்டமாக இருந்தது. டிரம்பெட்டை எடுத்து வால்வுகளை அழுத்திப் பார்த்தார். மூன்றும் தடையில்லாமல் இறங்கி ஏறின. யூஃபோனியம், கார்னெட், சூசாஃபோன் எல்லாமே அப்படித்தான் இருந்தன. கிளாரினெட் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். ஒரு பேடிலும் பூசணம் இல்லை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பேண்டு அணியில் இல்லாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். பித்தளை ஊதுகருவியின் வால்வு உருளைக்கும் அது ஏறி இறங்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழையைவிட மெல்லியது. எண்ணெய் காய்ந்து, உள்ளே தங்கிய எச்சிலின் உப்புப் படிந்துவிட்டால் வால்வு சிக்கிக்கொள்ளும். பலத்தைக் காட்டி இழுத்தால் உருளை கீறிப்போகும், பிறகு பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். கிளாரினெட்டின் துளைகளை மூடும் பேடுகள் கம்பளித் துணியின் மேல் மெல்லிய தோலைப் போர்த்திச் செய்யப்பட்டவை. பினாங்கின் ஈரக் காற்றில், அதுவும் பூட்டிய அறையில் மூடிய பெட்டிக்குள், அவை உப்பிப் பூசணம் பிடிக்க அதிக நாள் தேவையில்லை. பேடு சரியாக மூடாவிட்டால் அந்தத் துளைக்குக் கீழே உள்ள ஒரு சுரமும் ஒழுங்காகப் பேசாது. பேண்டு அணியின் கருவிகள் வாசிக்கப்படாமல் கிடக்கும்போதுதான் அதிகம் கெடுகின்றன.

விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அக்கா காலை வேலைக்கு வந்தவுடன் இசை அறையைத் திறந்து மின்விசிறியைப் போட்டிருக்கிறார். கிளாரினெட், சாக்சஃபோன் பெட்டிகளைத் திறந்துவைத்து, மற்ற வகுப்பறைகளைக் கூட்டி முடித்துத் திரும்பி வந்து மூடியிருக்கிறார். பித்தளைக் கருவிகளின் வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, வாரத்தில் ஒரு நாள் ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் கழற்றி, இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, அதே குழலுக்குள் இறக்கி, 'கிளிக்' என்று அமரும்வரை மெல்லத் திருப்பியிருக்கிறார். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பதும், இடம் மாறினாலோ திசை மாறினாலோ காற்றே போகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு மாஸ்டர் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பாராம். அந்த நேரத்தில் அக்கா அறையைக் கூட்டித் துடைப்பாராம். இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் எந்தக் கருவிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மனத்தில் பதிந்துவிட்டது என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "கோவிட் நேரத்துல பள்ளிக்கூடம் அடைச்சுத் தெறந்தப்போ, சார் ஒவ்வொரு பெட்டியா தெறந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாரும்மா. திரும்பி வர்றப்போ அவரு மறுபடியும் அப்படி உக்காரக் கூடாது இல்லையா."

2020 மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும், ஊதுகருவி வாசிப்பது நோயைப் பரப்பும் என்ற அச்சத்தால் பள்ளி திறந்த பிறகும் பேண்டு அறைகள் பூட்டியே இருந்ததையும் நாம் அறிவோம். அந்த முறை கெட்டுப்போன பேடுகளுக்கும் இறுகிய வால்வுகளுக்கும் மாஸ்டர் தம் ஓய்வூதியத்திலிருந்து செலவு செய்தார் என்பதை அக்கா சொல்லித்தான் நான் அறிந்தேன். அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்தச் செய்தியை மருத்துவமனையில் மாஸ்டரிடம் சொன்னோம். அப்போது அவருக்குப் பேச்சு முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர், அசைக்க முடிந்த இடக்கையைப் போர்வையின் மேல் வைத்து, மூன்று விரல்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திக் காட்டி எங்களைப் பார்த்தார். மூன்று வால்வும் இறங்குகின்றனவா என்று கேட்கிறார் என்று புரிந்தது. "இறங்குது சார்" என்று டிரொம்போன் மாணவர் சொன்னதும் கண்ணை மூடித் தலையசைத்தார். நோயுற்ற நாள்முதல் அவருடைய முகத்தில் நான் கண்ட முதல் நிம்மதி அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளியின் பேண்டு அணியை நடத்திய ஆசிரியரைப் பாராட்டும்போது, கோப்பைகளையும், ஆகஸ்டு 31 தேசிய தின அணிவகுப்புகளையும் பற்றியே பேசுகிறோம். அவையும் உண்மையே. ஆனால் அவர் எங்களுக்கு எதைக் கற்றுக் கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்தால் என் நினைவுக்கு வருவது வேறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் படிவம் 1க்கு வந்த எங்களிடம் அவர் முதலில் மேற்கத்திய இசைக்குறிகளை எழுதும் ஐந்து கோடுகளைக் காட்டவில்லை. சங்கராபரணத்தின் ஆரோகணத்தைப் பாடச் சொல்லி, அதுதான் மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்று வாசித்துக் காட்டினார். சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பேண்டு இசையைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அதே இராகத்தில் நோட்டுஸ்வரங்கள் இயற்றியதை அங்கேயே கதையாகச் சொன்னார். எதுவோ அந்நியமான ஒன்றில் நுழைகிறோம் என்ற அச்சம் அன்றே போயிற்று. பக்கத்தில் அமர்ந்திருந்த சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்து சரிகமப பாடினார்கள்.

திடலில் அவர் கற்றுக் கொடுத்தது இன்னொரு வகை. நிமிடத்திற்கு 120 அடி வைத்து நடக்கும்போது ஒரு தாளத்துக்கு அரை வினாடிதான். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 34 மீட்டர் பின்னால் நிற்கும் டிரம்மின் ஒலி முன்வரிசைக்குப் பத்தில் ஒரு வினாடி தாமதமாகவே வந்து சேரும். அதைக் கேட்டு வாசித்தால் முன்னால் இருப்பவர்கள் தாளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கிவிடுவார்கள். அதனால்தான் அணி நீண்டு பரவியிருக்கும்போது காதை நம்பாமல், அணியை முன்னின்று நடத்தும் டிரம் மேஜரின் கோலைப் பார்க்கச் சொல்வார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஆசிரியரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளிகளில் புறப்பாடத்துக்குரிய 10 விழுக்காட்டுக்காக அணியில் சேர்ந்தவர்கள் எங்களில் பலர் உண்டு. அவர்கள் படிவம் 5 வரை தங்கியது புள்ளிக்காக அன்று.

இசை கற்பிப்பவர் விதைப்பது எங்கே முளைக்கும் என்பது அவருக்கே தெரியாது. நம் பினாங்கில் பிறந்த புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான பி. ரம்லி, இசைக்குறிகளைப் படிக்கக் கற்றது இங்கிருந்த ஒரு பிராஸ் பேண்டின் தலைவரிடம்தான். ரம்லியின் பெயரில் சாலை இருக்கிறது, அவர் பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. கற்றுக் கொடுத்தவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் பேண்டு அணியை வில்லியம் ஃபாஸ்டர் 1946 முதல் 1998 வரை நடத்தினார் என்றும், பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழாவுக்காக 1989இல் அந்த அணி பாரிஸில் அணிவகுத்தது என்றும் மாஸ்டர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் ஊதியம் இல்லாமல் சனிக்கிழமைதோறும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் தரும் பதிலும் ஃபாஸ்டரின் அந்த 52 ஆண்டுகள்தான். தமக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்பார்.

அந்தப் பாக்கியை இனி அவர் ஒருவரே சுமக்க விடமாட்டோம் என்று விழா முடிந்த இரவே முன்னாள் மாணவர்கள் பலர் கூடிப் பேசினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சிக்குப் பின் இரண்டு முன்னாள் மாணவர்களும் இரண்டு இந்நாள் மாணவர்களும் இசை அறையில் தங்கி, எல்லாக் கருவிகளையும் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். பள்ளி விடுமுறையிலும் இது நிற்காது. தலைமையாசிரியர் அனுமதி தந்துவிட்டார். முதல் வாரத்தில் கிளாரினெட் வாசிக்கும் என் மகனும் நானும் இருப்போம். மாஸ்டர் எந்த ஒழுங்கில் எதைச் செய்வார் என்பதை அன்று அக்கா எங்களுக்குக் காட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொடுக்க நினைத்த அன்பளிப்பை அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் விழாவில் மாஸ்டரின் மனைவி கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் தம் பக்கத்தில் அமர்த்தியபோது மறுக்கவில்லை. அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியது அவருக்கும் சேர்த்துத்தான் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

தீவில் இருப்பவர்கள் முறைப்பட்டியலில் பெயர் கொடுங்கள். வரும்போது பஞ்சு போன்ற பழைய பருத்தித் துணி கொண்டுவாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பணமாக அனுப்பாமல் வால்வு எண்ணெயும் கிளாரினெட்டின் கார்க்குக்கு வேண்டிய கிரீஸும் வாங்கி அனுப்பினால் போதும். மருத்துவர் அனுமதித்ததும் குறிப்பேட்டைத் தாமே பார்வையிட வருவதாக மாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நன்றியுடன்,
முன்னாள் மாணவர்கள் சார்பில்,
அன்று கிளாரினெட் மாணவி, இன்று அணிப் பெற்றோருள் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு