ஊர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை தூர்வாருதல் பற்றிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. இந்த ஆண்டின் முக்கியப் பணி தண்ணீர்ப் பரிசோதனைதான்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு, நிலத்தடி நீரில் கலந்திருக்கும் புளூரைடு என்ற உப்பு புதிய சங்கதி அல்ல. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அதைத் தினமும் பார்க்கிறோம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் நிலைமை தேறியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய போர் தண்ணீர்தான் கதி. பார்க்கத் தெளிவாக இருக்கும், ருசியிலும் தெரியாது. காய்ச்சினால் புளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

களப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு நம் மகளிர் குழுவினரே எல்லா போர், அடிபம்புத் தண்ணீரையும் சோதித்தார்கள். சோதனைக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, ஜிர்கோனியம் என்ற உலோகமும் சாயமும் கலந்த சிவந்த மருந்தைச் சேர்க்க வேண்டும். புளூரைடு ஜிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு சாயத்தை விட்டுவிடும். சிவப்பு மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புளூரைடு. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். டியூப்லைட்டில் பார்த்தால் கணக்குத் தப்பும்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் குளோரினே சாயத்தை வெளுத்து, இல்லாத புளூரைடைக் காட்டிவிடும். படிகாரம் போட்டதில் அலுமினியம் புளூரைடைப் பிடித்துக்கொள்வதால் குறைவாகக் காட்டும். ஆகவே எதுவும் சேர்க்காத தண்ணீரை, பம்பைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடித்தே சோதித்தோம்.

இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அட்டையில் இந்த 1.5-க்கு மேல் காட்டிய பம்புகளில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ மட்டுமே. குடிக்கவோ உலை வைக்கவோ கூடாது. நிற அட்டை தோராயம்தான் சொல்லும் என்பதால், எல்லையை ஒட்டி நின்ற மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்ப முடிவாகியுள்ளது.

மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை சோதிக்க, மருந்து வாங்கும் செலவுக்குப் பேரவை ஒப்புதல் தர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்