இஞ்ச இருட்டவே பத்து மணியாகுது அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். போனில கதைக்கேக்க சாப்பிட்டியோ சாப்பிட்டியோ எண்டு மட்டும்தான் கேக்கிறியள், நான் மற்றக் கதை தொடங்க முதல் வைச்சிடுறியள், அதான் எழுதித் தங்கச்சின்ர வாட்சப்புக்கு அனுப்புறன், அவளை ஆறுதலா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

வேலை அதேதான், ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுறது. கை கொஞ்சம் உரிஞ்சிருக்கு, வேற ஒண்டுமில்லை.

யூன் 21 எனக்கு லீவு. அண்டைக்கு பாரிஸ் முழுக்கப் பாட்டுத் திருவிழா, 1982இல அரசாங்கமே தொடங்கினது, டிக்கெட் கிக்கெட் ஒண்டுமில்லை, பாடத் தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாம் ரோட்டில நிண்டு பாடலாம். றூமில இருக்கிற அண்ணை ஆறு மணிக்கே வெளிக்கிடு வெளிக்கிடு எண்டு நிண்டார், நான் இருட்டட்டும் அண்ணை எண்டன், மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இந்த நாளையில இஞ்ச பொழுதுபடவே பத்து மணியாகுது! நான் எங்கட காத்தவராயன் கூத்து, அந்தக் காத்தான் கூத்து மாதிரி ஊர் அடங்கினாப் பிறகுதான் தொடங்கும் எண்டு இருந்திட்டன்.

எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில இருந்து கால்வாய்க் கரையால ரிப்பப்ளிக் சதுக்கம் மட்டும் நடந்தம். கரை நெடுக பெடி பெட்டையள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்குதுகள், கபேக்கு முன்னால எல்லாம் ஸ்பீக்கர், ஒரு சந்தியில கிட்டார் மற்றச் சந்தியில அரபுப் பாட்டு, பக்கத்துப் பக்கத்துக் கோயில் இரண்டிலயும் ஒரே நாள் லவுட்ஸ்பீக்கர் கட்டின மாதிரி ஒண்டும் விளங்காது. ஒரு இடத்தில பிரேசில் மேளம், இருபது பேர் இருக்கும், எல்லாருக்கும் ஒரே ரீசேட். அந்த அடி நெஞ்சுக்குள்ள விழுந்தது அம்மா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இந்த முறையும் நான் இல்லை, அதுக்கு முதல் காட்டு விநாயகர் கோயிலில உப்புத்தண்ணியில விளக்கெரிஞ்சதையும் தங்கச்சி அனுப்பின வீடியோவிலதான் பாத்தனான்.

பெரியப்பா வயசில ஒரு வெள்ளைக்காரர் ஊண்டுதடியையும் பிடிச்சுக்கொண்டு நடு ரோட்டில ஆடினார், ஒருத்தரும் சிரிக்கேல்ல. எங்கட ஊரெண்டா ஒரு கிழமைக்குக் கடையடியில அதுதான் கதை.

ஆனா இதுகளுக்கு இருந்து பாக்கத் தெரியாது. பத்து நிமிசம் நிக்குங்கள், பேந்து அடுத்த சந்திக்குப் போயிடுங்கள். நீங்கள் பாயும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டுவந்து எங்களைப் படுக்க வைச்சிட்டு, விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறேக்க தட்டி எழுப்புவியள், நினைவிருக்கோ? அரை நித்திரையில பாத்த அந்தக் காத்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறான். இஞ்ச பாய் விரிக்க எங்க இடம், நிண்டு நிண்டு கால் உளைஞ்சதுதான் மிச்சம். அண்டைக்குச் சில மெட்ரோ விடிய விடிய ஓடினபடியா இரண்டு மணிக்கு வந்து படுத்தன்.

யூலை 14 இஞ்சத்தைத் தேசிய நாள், அண்டைக்கு ஐபிள் கோபுரத்தடியில வாணம் விடுவினம், சனம் அள்ளுப்படும், அண்ணை வா வா எண்டு நிக்கிறார். நான் வரேல்ல எண்டு சொல்லிப்போட்டன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம், உங்களுக்குத் தெரியும்தானே.

காசு 5ஆம் திகதி போடுவன், மாரிக்கு முதல் குசினித் தகரத்தை மாத்துங்கோ, வேற செலவுக்கு எடுக்கவேண்டாம்.

சாப்பிட்டன் அம்மா. புட்டும் மீன்குழம்பும், அண்ணை காய்ச்சினது, உறைப்புக் காணாது.

உங்கட மகன்