தண்ணீர் புறப்படும் இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்பாய். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வேன் பிடித்துக் கல்லணைக்குப் போய்வந்தோம். உன் அண்ணன் மகன் நச்சரித்தான் என்று பெயர். ஆசை என்னவோ எனக்குத்தான். இந்த வீட்டுக்கு வந்த 38 வருடமாக, வைகாசி கடைசியில் "மேட்டூர் திறந்தாயிற்றா, கல்லணை திறந்தாயிற்றா" என்று கேட்டே தலை நரைத்துவிட்டது. திறக்கிற இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பாலத்தில் ஏறியதும் உன் அப்பா வாத்தியார் ஆகிவிட்டார். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்ததுபோக மிச்சம் வருகிற காவிரி, இங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மூன்றாகப் போகிறது. மிஞ்சுகிற வெள்ளத்தைத்தான் கொள்ளிடத்தில் தள்ளுவார்களாம். அன்று மூன்றிலும் தண்ணீர் நுரைத்துப் போக, கொள்ளிடத்து நாணல் ஓரம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

யானைமேல் இருக்கும் கரிகாலனைப் பார்த்துவிட்டு வந்த சின்னவன், "மணலில் கல் எப்படி அப்பாயி நிற்கும்?" என்றான். எனக்கென்ன தெரியும்? அப்பாதான் சொன்னார்: "மனோராக் கடலில் நின்றாயே, அலை மணலை அரிக்க அரிக்கக் கால் புதையவில்லையா? அப்படித்தான். கல்லைப் போட்டால் புதையும். அதன்மேல் களிமண் பூசி இன்னொரு கல். புதைகிற வரை புதைந்துவிட்டு, பிறகு அசையாது." 19ஆம் நூற்றாண்டில் காட்டன் துரை பார்த்து அசந்ததும் இந்த வித்தையைத்தானாம்.

புது ஆற்றுத் தலைப்புக்கு வந்தபோது மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். மேட்டூர் அணை முடிந்த அதே 1934இல் வந்த கால்வாய் அது. தொண்ணூறு வயதாகியும் பெயர் புது ஆறுதான். ஷட்டருக்குக் கீழே தண்ணீர், பட்டி திறந்த எருமைகள் மாதிரி முட்டிக்கொண்டு வந்தது. ஒற்றை ரப்பர் செருப்பு ஒன்று சுழலில் மாட்டி, போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "இவ்வளவா விடுகிறார்கள்?" என்றார். அவ்வளவுதான்.

நம் மடையில் கணுக்கால் நனைய ஊர் முழுக்கச் சண்டை போடுகிறோமே, அது ஞாபகம் வந்திருக்கும். வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. உன் அண்ணி தின்றாள். நான் கட்டிக்கொண்டு போன புளியோதரை அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

வரும் வழியில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பக்கம் அதே புது ஆறு கூடவே வந்தது. "நமக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுமா?" என்று சின்னவன் கேட்டான். "நாம் போய் ஒரு வாரமாவது ஆகும்" என்றார் அப்பா.

நிலத்தை விற்றுவிடலாம் என்று போன மாதம் சொன்னாயே. கஜா புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்த 2018இல் நானே அதைத்தான் சொன்னேன். இப்போது அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயே பேசிக்கொள். ஆனால் காலையில் கூப்பிடாதே. தண்ணீர் ஒரத்தநாடு தாண்டிவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். விடிவதற்குள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போய்விடுகிறார்.

மெல்பர்னில் குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா