மாரியோவின் ஜம்ப்பும் 40 கிலோபைட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது: எளிய ஆட்டம், இனிய இசை. கோஜி கோண்டோவின் இசை இனிமைதான், மறுப்பில்லை. எளிமை என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை. எட்டு உலகங்களில் கடைசியான 8-ம் உலகம்வரை சொந்தமாக ஆடிப் போனவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1985 செப்டம்பர் 13-ல் ஜப்பானில் வெளியான இந்த ஆட்டம் எதில் ஜெயித்தது, எதில் சறுக்கியது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல இடம் தாருங்கள்.

முதலில் ஜம்ப். ‘ஏ’ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மாரியோ உயரமாகப் போகிறார், சட்டென்று விட்டால் தாழ்வாக இறங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடப்பது இதுதான்: மேலே போகும்போது பட்டன் அழுந்தியிருக்கும்வரை புவியீர்ப்பு குறைவு. விட்டதும், அல்லது உச்சியைத் தொட்டதும், அது மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதனால்தான் மாரியோ காற்றில் மிதப்பதில்லை; மனம் நினைத்த இடத்தில் ‘தொப்’பென்று இறங்குகிறார். நின்ற இடத்திலிருந்து எழும்பினால் சுமார் 4 கட்டை (திரையில் தெரியும் சதுரச் செங்கல்) உயரம், ஓடுவதற்கான ‘பி’ பட்டனை அழுத்தி முழு ஓட்டத்தில் எழும்பினால் 5 கட்டை. இந்த ஒரு கட்டை வித்தியாசத்தை நம்பித்தான், உலகத்துக்கு நான்காக, 32 மேடைகளும் கட்டப்பட்டிருக்கின்றன.

புதிதாக ஆடுகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது கால் தரையை விடும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. நின்று குதித்துவிட்டு, காற்றில் ‘பி’யை அழுத்தினால் ஓட்ட வேகம் வராது, நடை வேகத்துக்கு மேல் போகாது. பள்ளத்தின் விளிம்புவரை வந்து பயந்து நின்று, பிறகு குதித்தால் விழத்தான் வேண்டும். நான்கு கட்டைத் தூரமாவது பின்னால் போய், ‘பி’யை அழுத்தியபடி ஓடிவந்து, விளிம்பில் ‘ஏ’யைச் சேர்த்து அழுத்த வேண்டும். கட்டைவிரல் நுனி ‘பி’யில் இருக்க, அதே விரலின் மடிப்பால் ‘ஏ’யை அமுக்குவதுதான் சரியான பிடி. இரண்டு விரலால் ஆடுகிறவர்கள் 8-ம் உலகத்தின் அகலப் பள்ளங்களில் சிரமப்படுவார்கள். நிண்டெண்டோ கேம் பெட்டியைப் பார்த்துச் செய்து நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகளின் ரிமோட்டில் ‘டர்போ’ பட்டன்கள் இருந்தனவே, அந்த டர்போ ‘ஏ’ இந்த ஆட்டத்துக்கு விஷம். அது பட்டனைத் தானாக அழுத்தி அழுத்தி விடுவதால், முதல் விடுதலிலேயே புவியீர்ப்பு கூடி, ஜம்ப் பாதியில் அறுந்துவிடும்.

ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸூகாவும் வடிவமைத்த 1-1 மேடையை, அதாவது முதல் உலகத்தின் முதல் மேடையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு வரி அறிவிப்புகூட இல்லாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது அது. முதல் காளான் கட்டையிலிருந்து வெளிவந்து வலப்பக்கம் நகர்ந்து, பைப்பில் முட்டித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. எதிரி என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரியவராகிறார். மேடையின் கடைசியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவே தரை. தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி, இந்த முறை நடுவே பள்ளம். ஒத்திகை முதலில், தேர்வு பிறகு. இதைவிட நல்ல பாடத்திட்டம் இன்றைய ஆட்டங்களிலும் அரிது.

இனி குறைகள். பாதி, இடப் பற்றாக்குறையால் வந்தவை. ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்: நிரலுக்கும் மேடைகளுக்கும் 32, படங்களுக்கு 8. வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே உருவம்தான், வண்ணம் மட்டும் வேறு. அந்தச் சிக்கனம் கண்ணை உறுத்தவில்லை. மேடைகளில் செய்த சிக்கனம் உறுத்துகிறது. 1-3 மேடை 5-3 ஆகவும், 1-4 மேடை 6-4 ஆகவும், 2-2, 2-3 இரண்டும் 7-2, 7-3 ஆகவும், 2-4 மேடை 5-4 ஆகவும் திரும்பி வருகின்றன. குண்டுகளையோ எதிரிகளையோ கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் 7-ம் உலகத்தில் அதே தண்ணீர் மேடையில் அதே மந்தமான நீச்சலை மறுபடி நீந்துவது அலுப்பு. ஆட்டத்தின் உயிரே ஜம்ப் என்றால், ஜம்ப் இல்லாத தண்ணீர் மேடை அதன் பலவீனமான இடம்.

திரை இடப்பக்கம் திரும்பாது. மேடைத் தரவு இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும்படி எழுதப்பட்டது; விளிம்பைத் தாண்டியது போனதுதான். விட்டுவந்த காளானை எடுக்க வழியில்லை.

இடப் பற்றாக்குறையின் மேல் பழிபோட முடியாத குறைகளும் உண்டு. 4-4, 7-4, 8-4 கோட்டைகளில் தப்பான வழியில் போனால் அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே போ, கீழே போ என்று ஒரு அடையாளமும் கிடையாது. 1-1-ல் அவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொடுத்த ஆட்டம் இங்கே கைவிட்டுவிடுகிறது. 1993-ல் வந்த ‘சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ பதிப்பில் சரியான வழிக்கு ஒரு ஒலி, தப்பான வழிக்கு ஒரு ஒலி என்று சேர்த்தார்கள். எவ்வளவு சிறிய மாற்றம்! ஆனால் அதே பதிப்பில் செங்கல்லை உடைத்ததும் மாரியோ கீழே தள்ளப்படாமல் மேலேயே போகிறார். ஜம்ப்பின் கணக்கு அங்கே கெட்டது. இருவர் ஆட்டமும் ஏமாற்றமே. முதல் ஆள் சாகும்வரை இரண்டாம் ஆள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பலர் அறிந்த மாரியோவின் வேகமே வேறு என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அன்றைய ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு நொடிக்கு 60 பிரேம் (படம்), இந்தியாவின் பி.ஏ.எல். முறைக்கு 50. ஜப்பானிய ஆட்டத்தை அப்படியே 50-ல் ஓட்டிய நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவானது. திரையில் 400 என்று தொடங்கும் நேரம் 24 பிரேமுக்கு ஒன்று குறைகிறது. 60-ல் அது 160 நொடி. 50-ல் 192 நொடி.

இப்போது பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நினைப்பவர்கள் முதலில் டிவியின் அமைப்புக்குள் போய் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடுங்கள், படத்தை 4:3 ஆக்குங்கள். முழு ஓட்டத்தில் மாரியோ ஒரு பிரேமுக்கு 2.5 புள்ளி (பிக்சல்) நகர்கிறார். ஒரு கட்டை 16 புள்ளி. டிவி 5 பிரேம் தாமதித்தால், நீங்கள் பார்க்கும் இடத்தைவிட 12.5 புள்ளி, அதாவது முக்கால் கட்டைக்கும் மேல், அவர் முன்னால் இருப்பார். ‘சரியாத்தான் அமுக்கினேன்’ என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

3-1 முடிவில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின் ஓட்டை மிதித்து மிதித்து உயிர் சேர்ப்பவர்கள் 100-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளவும். எண்ணிக்கை 128-ஐத் தாண்டிப் போனால் ஆட்டம் அதை எதிர்ம எண்ணாகப் படிக்கும். அடுத்த முறை செத்ததும் ‘கேம் ஓவர்’.

கடைசியாக, சேமிக்கும் வசதி இல்லாத இந்த ஆட்டத்தில் திரையில் எங்குமே சொல்லப்படாத ஒரு வழி இருக்கிறது. ‘கேம் ஓவர்’ ஆகித் தலைப்புத் திரை வந்ததும், ‘ஏ’யை அழுத்திப் பிடித்தபடி ‘ஸ்டார்ட்’ அமுக்கினால், செத்த உலகத்தின் முதல் மேடையிலிருந்து தொடரலாம். 6-3-ல் செத்திருந்தால் 6-1. பெட்டியின் சுவிட்சை அணைத்திருந்தால் மட்டும் மறுபடி 1-1-தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி