ஒட்டிக்கிடக்கும் இரண்டு உட்கருக்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி வந்தது.

ஆய்வகத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். மைக்ராஸ்கோப் படங்களில் செல்களின் உட்கருக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டக் கணினியைப் பழக்குகிறேன். டாப்பி என்றொரு சாயம், டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளி பட்டால் உட்கருக்கள் மட்டும் நீலமாக ஒளிரும். கறுப்புத் துணியில் அவரை விதைகளைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். விதை எது, துணி எது என்று பிரிப்பது பெரிய காரியமில்லை. எந்த அளவு வெளிச்சத்துக்கு மேல் உட்கரு என்று படத்தை வைத்தே முடிவு செய்யும் வழியை, ஜப்பானியரான ஓட்சு 1979லேயே சொல்லிவிட்டார்.

ஒட்டிக்கிடக்கும் உட்கருக்களிடம்தான் அது தோற்கிறது. இரண்டை ஒன்றாக எண்ணிவிடும். செல்கள் பெருகப் பெருக நெரிசலும் கூடும், ஒட்டுவதும் கூடும். ஆக, எண்ணிக்கை எங்கே முக்கியமோ அங்கேதான் அதிகம் தவறும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமா, சொல்!

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யூ-நெட் என்ற, படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் செயற்கை நரம்பு வலையமைப்பை உருவாக்கியவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் தவறு செய்தால் தண்டனை அதிகம் என்று பயிற்சியிலேயே வைத்துவிட்டார்கள். 2018இல் வந்த ஸ்டார்டிஸ்ட் என்ற இன்னொரு முறை வேறு வழியில் போனது. உட்கருவுக்குள் இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பல திசைகளில் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கணித்து, முழு வடிவத்தையே சொல்லிவிடும். உருண்டையான உட்கருவுக்கு அருமையாகப் பொருந்தும். நீண்டு நெளிந்த வடிவங்களுக்குச் சரிவராது.

ஆனால் இப்படிக் கற்றுக்கொள்ளும் எதற்குமே முதலில் மனிதக் கை வேண்டும். போன வாரம் பயிற்சிப் படங்களில் விளிம்பு வரைந்துகொண்டிருந்தோம். நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஓர் உட்கரு. நான் இரண்டு என்றேன், பக்கத்திலிருந்த தோழி ஒன்று என்றாள். சரி என்று ஸ்லைடைத் திரும்ப எடுத்து, ஃபோகஸை மெல்லத் திருப்பினோம். ஒரு பாதி தெளிந்தது, மறுபாதி மங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்ப, மங்கியது தெளிந்தது. ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறிக்கிடந்திருக்கிறது! அதன்பின் ஏற்கெனவே வரைந்ததையெல்லாம் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். லேப்டாப்பில் படங்கள் இருக்கும். அம்மாவின் புதுக் கண்ணுக்கும் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்