மழைநீர்த் தொட்டிப் பணிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் தொட்டி கட்டிய குடும்பங்களிலிருந்து வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்டங்களின் விவரம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. அதனால் வேலை நடந்த விதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும். சங்கமே ஆள் வைத்துத் தொட்டி கட்டிக் கொடுக்காது, அந்தந்த வீட்டிலிருந்து இரண்டு பேராவது கடைசி வரை வேலையில் நிற்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். இப்படிச் செய்தால் வேலை இழுக்கும் என்று உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். இழுக்கத்தான் செய்தது. அறுவடை வந்தால் வேலை நின்றது, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் நின்றது. ஆனாலும் இந்த ஆண்டில் நாம் செய்த சரியான காரியம் அதுதான். பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பகுதிக்காக 2003இல் தொடங்கிய பத்து லட்சம் தொட்டித் திட்டமும் ஊர் மக்களையே கட்டுமானத்தில் இறக்கிப் பராமரிப்பும் சொல்லிக் கொடுத்த திட்டம். அங்கே வீட்டுக்கு 16,000 லிட்டர் தொட்டி.

நம் வீடுகளில் முதல் வேலை கூரையை அளப்பது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இது தெரிந்தால் போதும், மீதிக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிட்டார்கள். 40 சதுர மீட்டர் தகரக் கூரை, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். 24,000 லிட்டர் விழும். தெறித்ததும் காய்ந்ததும் போக, ஐந்தில் நான்கு பங்காவது பீலிக்கு, அதாவது கூரையோரத் தண்ணீர்த் தகட்டுக்கு, வரும். சரி, தேவை எவ்வளவு? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், ஐந்து பேர், மழையில்லாத 120 நாள். மொத்தம் 3,000 லிட்டர்தான். தொட்டி பெரிதாக இருந்தால்தான் பயன் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தபின் மனம் மாறினார்கள். குளிக்கவும் துவைக்கவும் இந்தத் தண்ணீரை எடுக்காத வரை சிறிய தொட்டியே கோடையைத் தாண்டும்.

கட்டுமானம் ஃபெர்ரோசிமெண்ட் முறையில். கம்பிக் கூட்டின் மேல் கோழிவலையைச் சுற்றி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையை மெல்லியதாக இரண்டு பக்கமும் பூச வேண்டும். சுவர் மெல்லியது என்பதால் வலைக்குள் கலவை முழுதாகப் புகுந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கை போதும். ஒரு வீட்டில் இறுகிய பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்த பெண்மணி ஓரிடத்தில் நின்றுவிட்டார். மற்ற இடமெல்லாம் கெட்டியாக ஒலிக்க, அங்கே மட்டும் தொம்மென்றது. கொத்தனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் விடவில்லை. கொத்திப் பார்த்தால் வலைக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு வெற்றிடம். அன்றே அதை அடைத்துப் பூசினார்கள். இப்போது எந்த வீட்டில் பூச்சு முடிந்தாலும் தட்டிப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் சாக்கு போர்த்தி, இரண்டு வாரம் விடாமல் நனைக்கும் வேலை. அதை வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

புரியவைக்கக் கஷ்டப்பட்டது முதல் மழையைக் கழித்துவிடுவதைத்தான். தண்ணீருக்குத் தவிக்கும் வீட்டில் வந்த மழையைக் கீழே விடு என்றால் யாருக்கும் மனம் வராது. பறவை எச்சமும் தூசியும் சருகும் கூரையில் கிடப்பதால் முதல் 1 மில்லிமீட்டரையாவது, அதாவது 40 சதுர மீட்டர் கூரைக்கு 40 லிட்டரை, தனிக் குழாயில் தேக்கி வெளியேற்றச் சொன்னோம். அந்தக் குழாயில் வந்த பழுப்புத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும் பின்னால் வந்ததை இன்னொன்றிலும் பிடித்து வைத்தபின் விவாதம் முடிந்தது. செடிக்கு அந்த 40 லிட்டரும் உதவுகிறது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள் என்பதை மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கொசுவலை பற்றி ஒரு வார்த்தை. மிகைநீர்க் குழாயின் வாயில் வலை கிழிந்தால் தொட்டி கொசு வளர்ப்பு இடமாகிவிடும். டெங்கு பரப்பும் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். மூடியையும் இறுக்கி மூடுங்கள். வெளிச்சம் புகாவிட்டால் பாசியும் பிடிக்காது.

கீற்றுக் கூரை வீடுகளை இந்த ஆண்டு சேர்க்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கீற்றில் வழியும் தண்ணீர் நிறம் மாறி வருகிறது, குடிக்க ஆகாது. தண்ணீர் அதிகம் சுமப்பவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான். பக்கத்து ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு தொட்டி கட்டலாம் என்று சில வீட்டார் தாங்களாகவே முன்வந்திருக்கிறார்கள். பூட்டும் சாவியும் யாரிடம், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. புதுத் தொட்டிகளில் இந்தப் பொதுத் தொட்டிகளுக்கே முதலிடம் தர வேண்டும். நிரம்பி வழியும் தண்ணீரைக் கிணற்றோரம் உறிஞ்சுகுழி வெட்டி மண்ணுக்குள் இறக்க வேண்டும். இரண்டையும் விவாதித்து, இவ்வறிக்கையோடு சேர்த்து ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்