கைதட்ட மனம் வரவில்லை

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை. போன வாரம் மாநிலக் கல்லூரி இயற்பியல் கூட்டாளிகள் எல்லோரும் சந்தித்தோம். நீ வராததற்குத் தாரா பொரிந்து தள்ளிவிட்டாள். வழக்கம்போல் நம் 'பேட்டரி' உனக்காகப் பரிந்து பேசினான். இன்னுமாடி!

அந்தக் கதை இருக்கட்டும். நம் கல்லூரியில் படித்த சி. வி. ராமன், சந்திரசேகர் என்று பேச்சு போய், கடைசியில் 1939இல் அங்கே ஆனர்ஸ் முடித்த வானிலை விஞ்ஞானி அன்னா மாணியிடம் வந்தது. "பிஎச்.டி. இல்லாமலேயே எவ்வளவு சாதித்தார்!" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. நெறியாளர் ஓய்வுபெற்றதால் பிஎச்.டி. ஆய்வையே விட்டுவிடப் போவதாக உன் மகள் கயல் சொல்கிறாள் என்று நீ எழுதியிருந்ததே நினைவில் நின்றது.

எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் போதும் என்ற பெண் அவர். பிறகு பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் அந்த வைரத்தையே ஆராய்ந்தார். ஒரு நிறமாலை ஒளிப்படத் தகட்டில் பதிய 15, 20 மணி நேரம் பிடிக்குமாம். பல இரவுகள் அங்கேயே படுத்திருக்கிறார். தனி ஆளாக 5 கட்டுரைகள். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று பட்டத்தை மறுத்துவிட்டார்கள். வேலை முழுவதும் கண்முன்னே இருக்கும்போது, கோமதி! அந்த ஏடு பைண்டு செய்யப்பட்டு, பட்டம் பெற்ற ஏடுகளுக்கு நடுவே ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது.

லண்டனுக்குப் போனபோதும் இயற்பியலைத் தொடரத்தான் ஆசைப்பட்டார். கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளுக்கானது. 1948இல் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வுக்கூடம், ஓசோனை அளக்கும் கருவி, நாடு முழுவதற்குமான சூரியக் கதிர்வீச்சுத் தரவுகள் என்று நீள்கிறது அவர் வேலை. படிக்கப் படிக்கப் பூரித்துப்போகிறேன். ஆனால், அவர் பிறகு சாதித்தார் என்பதால் அன்று மறுத்தது சரியாகிவிடுமா? வைரங்களைப் பற்றி அவர் இன்னும் என்னென்ன கண்டிருப்பாரோ!

அதனால், "பட்டம் இல்லாவிட்டால் என்ன, அன்னா மாணியைப் பார்" என்று கயலுக்கு ஆறுதல் சொல்லிவிடாதே. நெறியாளர் ஓய்வுபெற்றுப் போனது அவள் குற்றமில்லை. நான்கு வருட உழைப்பு அவளுடையது. மாற்று நெறியாளர் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தைவிட்டு நகரக் கூடாது. வாய்ப்பேச்சில் "பார்க்கலாம்" என்றால் நம்ப வேண்டாம்.

தாராவுக்குப் பல்கலைக்கழக விதிகள் அத்துப்படி. ஞாயிறு காலை கயலோடு பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். பதிவுக் கடிதம், முன்னேற்ற அறிக்கைகள் எல்லாவற்றையும் கயல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். முதலில் போனை நீதான் எடுக்க வேண்டும், உன்னைத் திட்ட இன்னும் பாக்கி இருக்கிறதாம்.

அன்புடன்,
வசந்தா